சித்தியைத்தான் உள்ளே கூட்டிப்போகிறேன்

எனக்கு 37வது வாரம் நடக்கிறது. ஓசூரில் வேலை பார்க்கும் கம்பெனியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கம்பத்தில் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். இது முதல் பிரசவம். என்னோடு ஒரே லைனில் வேலை பார்க்கும் பெண்களில் இரண்டு பேர் இப்போது மாசமாக இருக்கிறார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், "அக்கா, இது உங்களுக்கும் இருந்துச்சா?" என்று வாய்ஸ் மெசேஜ் போடுகிறார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எனக்கு நடந்தது, நான் கேட்டுத் தெரிந்துகொண்டது, இனி வரப்போவதற்கு நான் செய்து வைத்திருப்பது, அவ்வளவுதான்.

முதலில் மசக்கை. ஆறாவது வாரத்தில் ஆரம்பித்து நாலாம் மாசம் வரை ஆட்டி எடுத்தது. குக்கரில் துவரம்பருப்பு வேகும் ஆவி, பக்கத்து வீட்டுத் தாளிப்பு, கம்பெனி பஸ்ஸில் ரெக்சின் சீட்டின் வாடை, எல்லாமே குடலைப் புரட்டும். வெறும் வயிற்றில் பல் துலக்கப் போனால் அன்றைய காலை அங்கேயே முடிந்தது. அப்புறம் தலையணைப் பக்கத்தில் ஒரு டப்பாவில் பொரியும் பொட்டுக்கடலையும் வைத்துக்கொண்டேன். கண் விழித்ததும் படுத்தபடியே ஒரு கை மென்றுவிட்டு, கால் மணி நேரம் கழித்து மெதுவாக எழுந்திருப்பேன். பல் துலக்குவது அதற்கும் அப்புறம்தான். தட்டு நிறையச் சாப்பிடுவதை விட்டுவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சமாகச் சாப்பிட்டேன். சுடச்சுட இருக்கும் சாப்பாட்டில் வாசம் தூக்கலாக இருக்கும். ஆறின தயிர்சாதமும் நார்த்தங்காய் ஊறுகாயும் உள்ளே நின்றன. தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் இடையிடையே குடித்தேன்.

இவ்வளவும் போதாமல் போனபோது டாக்டர் டாக்சிலமினும் வைட்டமின் பி6ம் சேர்ந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார். சொந்தத்தில் ஒருவர், "மாத்திரை போட்டா பிள்ளைக்கு ஆகாது, பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு" என்றார். இந்த மருந்துச் சேர்க்கையைப் பல பத்தாண்டுகளாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்து வருகிறார்கள். வாந்திக்கு டாக்டர்கள் முதலில் எழுதும் மருந்துகளில் இது ஒன்று. ராத்திரி போட்டுக்கொண்டு படுத்தால் தூக்கம் வந்தது, காலையில் தலை தூக்க முடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு நன்மையும் கிடையாது.

மசக்கையை மனசு சம்பந்தப்பட்டது, செல்லம் கொஞ்சுகிறாள் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். மார்லீனா ஃபெய்சோ என்று அமெரிக்காவில் ஒரு மரபியல் ஆய்வாளர் இருக்கிறார். 1999 இல் கடுமையான கர்ப்பகால வாந்தியில் தன் குழந்தையைக் கருவிலேயே இழந்தவர். அதற்குப் பிறகு அந்த வாந்திக்குக் காரணம் தேடுவதையே தன் வேலையாக ஆக்கிக்கொண்டார். அவரும் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த ஆய்வு 2023 டிசம்பரில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது. ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன் கர்ப்பத்தில் மளமளவென்று ஏறுகிறது. அதில் பெரும்பகுதி கருவிலிருந்தும் நஞ்சுக்கொடியிலிருந்தும் வருவது. கர்ப்பத்துக்கு முன்பு இது உடம்பில் குறைவாக இருந்த பெண்களுக்கு அந்தத் திடீர் ஏற்றம் தாங்காமல் வாந்தி கடுமையாகிறது என்று கண்டுபிடித்தார்கள். இரத்தத்தில் ஓடும் ஒரு பொருள் இது. யாரும் வேண்டுமென்று வாந்தி எடுப்பதில்லை. குடித்த தண்ணீர்கூட நிற்கவில்லை, சிறுநீர் அடர் மஞ்சளாகக் குறைவாகப் போகிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது, எடை இறங்குகிறது என்றால் வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். குளுக்கோஸ் ஏற்றினால் பாதி உயிர் திரும்பிவிடும்.

இரும்புச்சத்து மாத்திரையைப் பாதிப் பேர் வாங்கி வைத்துவிட்டுப் போடுவதில்லை. மலச்சிக்கல், மலம் கறுப்பாகப் போவது, வாயில் துருப்பிடித்த ருசி, இதெல்லாம் எனக்கும் இருந்தது. ஆனால் முதல் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8, கர்ப்பிணிக்கு 11க்குக் குறைந்தால் ரத்தசோகை என்று கணக்கு. பிரசவத்தில் ரத்தம் போகத்தான் செய்யும், கையிருப்பு இல்லாமல் உள்ளே போகக் கூடாது என்று நர்ஸ் அக்கா சொன்னது மனதில் தைத்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எலுமிச்சை ஜூஸோடு போட்டேன். டீயைச் சாயங்காலத்துக்குத் தள்ளினேன். கால்சியம் மாத்திரையை இதோடு சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, அதனால் அது ராத்திரிக்கு. மலச்சிக்கலுக்கு ஊறவைத்த உலர்திராட்சை, கொய்யா, நிறையத் தண்ணீர். போன மாசம் பார்த்தபோது 11.2. அம்மா அந்த ரிப்போர்ட்டை ஊருக்கே காட்டினார்.

ஆறாம் மாசத்துக்கு மேல் நெஞ்செரிச்சல். அம்மாச்சி அதைக் கேட்டதும் சிரித்தார். "பிள்ளைக்குத் தலை நிறைய முடி இருக்குதாத்தா, அதான் எரியுது." இதைப் பழைய காலத்துப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியவில்லை. 2006 இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 64 கர்ப்பிணிகளை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பொய்யென்று நிரூபிக்கக் கிளம்பியவர்கள், நெஞ்செரிச்சல் அதிகம் இருந்தவர்களின் குழந்தைகளுக்கு முடியும் அதிகமாக இருந்ததைப் பார்த்தார்கள். சின்ன ஆய்வுதான். கர்ப்ப ஹார்மோன்கள் வயிற்றின் மேல்வாயைத் தளர்த்திவிடுவதால் அமிலம் மேலே ஏறுகிறது. அதே ஹார்மோன்களுக்குக் குழந்தையின் முடி வளர்ச்சியிலும் பங்கு இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். அம்மாச்சியிடம் இதைச் சொன்னபோது, "இதுக்கு எதுக்கு அமெரிக்கா?" என்றார். எனக்கு உதவியது, ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்ததும், கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி இடது பக்கம் சாய்ந்து படுத்ததும்.

கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டு நடுராத்திரியில் அலறி எழுந்தால், பாதத்தை முகத்தை நோக்கி மடக்கி இழுக்க வேண்டும். விரலைக் கீழ்நோக்கி நீட்டினால் இன்னும் இறுகும். புரண்டு படுக்கும்போது அடிவயிற்று எலும்பில் சுளீர் என்று வலித்தால், இரண்டு முழங்காலையும் ஒட்டி வைத்துக்கொண்டு மொத்த உடம்பையும் சேர்த்துத் திருப்பலாம். கை மரத்துப்போவதும் உண்டு. வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்கள் வீங்கின மணிக்கட்டில் இறுகியபோது பாதியைக் கழற்றி வைத்துவிட்டேன். அத்தைக்கு முதலில் மனசில்லை. கையைத் தொட்டுப் பார்த்ததும் அவரே சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தார்.

அரிப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. வயிறு விரியும்போது தோல் அரிப்பது எல்லோருக்கும் வருவது. தேங்காய் எண்ணெய் தடவினால் அடங்கும். ஆனால் எட்டாம் மாசத்தில் எனக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தன. தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை. பகலில் சும்மா இருக்கும், படுத்தால் ஆரம்பிக்கும். அம்மா, "சூடு, மருதாணி வை" என்றார். மருதாணி வைத்தேன், கை குளிர்ந்தது, அரிப்பு போகவில்லை. அடுத்த நாளே டாக்டரிடம் போனேன். அவர் நான் சொல்லி முடிப்பதற்குள், "பாதத்திலயா? ராத்திரி அதிகமா?" என்று கேட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். கர்ப்பகாலத்தில் சிலருக்குக் கல்லீரலில் பித்தநீர் தேங்கி, பித்த அமிலம் ரத்தத்தில் கலந்துவிடும். தாய்க்கு அரிப்போடு போகும். அளவு மிக அதிகமானால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஆபத்து. அதனால் பித்த அமிலத்தையும் கல்லீரல் செயல்பாட்டையும் பார்க்கிறார்கள், அளவைப் பொறுத்துப் பிரசவத்தையே முன்னதாக வைக்கிறார்கள். எனக்கு இரண்டு முறை பார்த்தும் சரியாக இருந்தது. பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்ததற்காக அந்தச் செலவு வீண் என்று நான் நினைக்கவில்லை. மாசமாக இருக்கிற யாருக்காவது உள்ளங்கையும் பாதமும் அரித்தால், தயவுசெய்து அதை மருதாணியோடு விட்டுவிடாதீர்கள்.

அதே மாதிரி, விடாத தலைவலி, கண் முன்னால் பூச்சி பறப்பது, மேல்வயிற்றில் வலது பக்கம் வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குவது, இவை வந்தால் உடனே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 140க்கு 90 என்பது எல்லைக்கோடு. குழந்தையின் அசைவையும் கவனிக்கிறேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு இடது பக்கம் படுத்து எண்ணுவேன். இரண்டு மணி நேரத்துக்குள் 10 அசைவு வர வேண்டும். என் பிள்ளை சாப்பாடு முடிந்ததும் துள்ள ஆரம்பித்துவிடும், அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வதே இல்லை. வழக்கத்தைவிடக் குறைந்தால் காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

சரி, பிரசவத்துக்கு வருகிறேன்.

என் சித்தி மகள் மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு ஆஸ்பத்திரியில் தனியாக வலியெடுத்துக் கிடந்தாள். வெளியே வராண்டாவில் குடும்பமே நின்றது, உள்ளே அவளோடு யாரும் இல்லை. "கத்தாதே" என்ற அதட்டல் மட்டும் காதில் விழுந்தது என்பாள். குழந்தை நல்லபடியாகத்தான் பிறந்தது. ஆனாலும் அந்த ராத்திரியைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் அவள் குரல் மாறிவிடும். வலியைவிட, என்ன நடக்கிறது என்று தெரியாமல் கிடந்ததுதான் கொடுமை என்றாள். அப்போதே முடிவு செய்தேன், நான் தனியாகப் போகப்போவதில்லை.

தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ வார்டுக்குள் ஒரு பெண்துணை கூடவே இருக்க அனுமதி பல வருஷமாக உண்டு. மத்திய அரசும் 2016 இல் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. துணைக்கு வருபவர் ஏற்கனவே பிள்ளை பெற்றவராக இருந்தால் நல்லது, தொற்றுநோய் எதுவும் இருக்கக் கூடாது, வலி முழுவதும் கூடவே இருக்க வேண்டும், சிகிச்சையில் குறுக்கிடக் கூடாது. பொது வார்டில் மற்ற பெண்களும் இருப்பதால் என் கணவர் உள்ளே வர முடியாது. இதில் அவருக்கு வருத்தம். ரத்தம் தேவைப்பட்டால் கொடுப்பதற்கு இரண்டு நண்பர்களைச் சொல்லி வைப்பது, கார்டு, ஆதார், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் கையில் வைத்திருப்பது, வெளியே இருக்கும் எல்லோருக்கும் பதில் சொல்வது, இவை அவர் பொறுப்பு. கூடவே ஒருவர் இருப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு: 15,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017 இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட அறிக்கையில், விடாமல் ஒரு துணை இருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் அதிகமாகவும், வலிநேரம் குறைவாகவும், சிசேரியன் குறைவாகவும் இருந்திருக்கிறது. மருந்து இல்லை, மெஷின் இல்லை, ஒரு மனுஷி மட்டும்.

அந்த மனுஷி யார் என்பதில்தான் வீட்டில் பெரிய பேச்சு. எல்லோரும் அம்மாதான் என்று நினைத்தார்கள், அம்மாவும் அப்படித்தான். ஆனால் அம்மாவுக்கு நான் ஊசி போட்டுக்கொள்வதைக்கூடப் பார்க்க முடியாது. தம்பி பிறந்தபோது ரத்தப்போக்கில் அவர் பிழைத்து வந்ததே பெரிய காரியம். பிரசவம் என்றாலே அம்மாவின் கண்ணுக்கு அந்த நாள்தான் தெரியும். நான் வலியில் முனகினால் அவர் அழுவார், அவர் அழுதால் நான் உடைந்துவிடுவேன். சித்தி வேறு மாதிரி. காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் பார்க்கிறார். பந்தல் சாய்ந்தாலும், காய்ப்பு நேரத்தில் மழை கொட்டினாலும், "சரி, இப்ப என்ன செய்யணும்?" என்றுதான் முதல் வார்த்தை வரும். இரண்டு சுகப்பிரசவம் கண்டவர். மகளோடு உள்ளே இருக்க முடியவில்லையே என்ற தவிப்பு அவருக்கு இன்னும் இருக்கிறது.

அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. ஒரு மத்தியானம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். "உள்ள சித்தி வரட்டும்மா. வெளியில வந்ததும் பிள்ளையை நீதான் முதல்ல வாங்கணும்." கொஞ்ச நேரம் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "நானும் அதைத்தான் நினைச்சேன். சொன்னா நீ தப்பா எடுத்துக்குவியோன்னு இருந்தேன்" என்றார். எவ்வளவு பெரிய பாரம் இறங்கியது எனக்கு.

அதிலிருந்து வாரம் ஒரு தடவை சித்தி வருகிறார், இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுகிறோம். முதலில் எது நிஜ வலி என்பது. எங்கள் வீட்டில் சீரகக் கஷாயம்தான் அளவுகோல். வயிறு இறுகினால் சீரகத்தை வறுத்துத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்துக் கொடுப்பார்கள். அடங்கினால் சூட்டுவலி, அடங்காமல் ஏறினால் பிரசவ வலி. டாக்டர் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான்: தண்ணீர் குடித்து, நிலையை மாற்றி, கொஞ்சம் படுத்துப் பார், பொய் வலி என்றால் தணிந்துவிடும். நிஜ வலி இடுப்பில் ஆரம்பித்து முன்னால் வரும், நேரம் போகப் போக நெருங்கும், நீளும், கூடும். எனக்குச் சொல்லியிருக்கும் கணக்கு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம், இப்படியே ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பு என்பது. பனிக்குடம் உடைந்தால் இந்தக் கணக்கெல்லாம் இல்லை, உடனே கிளம்ப வேண்டும். தண்ணீர் என்ன நிறம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று அர்த்தம், போனதும் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சளி மாதிரி லேசாக ரத்தம் கலந்து வருவது சாதாரணம். மாதவிடாய் போலப் போனால் அவசரம். பகலோ ராத்திரியோ, மாமா மகனின் ஆட்டோ தயார். அவன் இல்லையென்றால் 108.

அடுத்து நேரம். சினிமாவில் வலி வந்த அடுத்த காட்சியில் குழந்தை அழுகிறது. நிஜத்தில் முதல் பிரசவத்தில் கர்ப்பவாய் மெலிந்து மெதுவாகத் திறக்கும் ஆரம்பக் கட்டமே ஒரு நாள் வரை இழுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2018 இல் வெளியிட்ட பரிந்துரையில், 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் தீவிரக் கட்டம் என்கிறது. அங்கிருந்து முழுதாக 10 சென்டிமீட்டர் திறக்க, முதல் பிரசவத்துக்குப் பொதுவாக 12 மணி நேரத்தைத் தாண்டாது. "இரண்டு விரல்தான் திறந்திருக்கு" என்று நர்ஸ் சொன்னால் நான் சோர்ந்துபோகக் கூடாது, அந்த நேரத்தில் எனக்கு இதை நினைவுபடுத்த வேண்டும் என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறேன். ஆரம்பக் கட்டத்தில் எல்லாம் சரியாக இருந்தால் வீட்டிலேயே நடந்து, வெந்நீர் ஊற்றிக்கொண்டு, இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டு, முடிந்தால் தூங்கிக்கொள்ளலாம்.

அப்புறம் வலியைத் தாங்கும் முறை. நாங்கள் போகப்போகும் இடத்தில் வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசி கிடையாது. கேட்டுவிட்டேன். ஆகவே உடம்பையும் மூச்சையும்தான் நம்ப வேண்டும். வலி ஏறும்போது மூக்கால் இழுத்து, வாயால் நீளமாக, வெந்நீரை ஊதிக் குடிப்பது போல விட வேண்டும். விடும் மூச்சு நீளமாக இருந்தால் தோளும் தாடையும் தானாகத் தளரும். சித்திக்கு முதலில் இதில் நம்பிக்கை இல்லை; என்னோடு சேர்ந்து செய்து பார்த்துவிட்டு, களை வெட்டும்போதுகூட இப்படித்தான் விடுகிறேன் என்றார். வலி நேரத்தில் அவர் என் முதுகின் அடியில், இடுப்புக்கு நடுவில் இருக்கும் தட்டை எலும்பில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து அழுத்த வேண்டும். தடவுவது போதாது, முழு பலத்தோடு அழுத்தம் வேண்டும். பழகிப் பார்த்தோம். திராட்சைக் கூடை தூக்கிய கை, அந்த அழுத்தத்திலேயே இடுப்பு வலி பாதி குறைகிறது.

மல்லாந்து படுத்தே கிடக்காமல் நடக்கலாம், சுவரைப் பிடித்து நிற்கலாம், மண்டியிட்டு முன்னால் சாயலாம். அம்மாச்சிக்கு இது புதுசே இல்லை. அவர் காலத்தில் வீட்டில் மருத்துவச்சி வந்து பார்த்தபோது உத்தரத்தில் கயிறு கட்டி, அதைப் பிடித்துக் குந்தித்தான் முக்கினாராம். ஆறு பிள்ளை, அதில் தங்கியது நாலு. அந்தக் கயிற்றைப் பற்றிச் சொல்லும்போதே தங்காத இரண்டையும் சொல்வார். அதனால் வீட்டுப் பிரசவம்தான் நல்லது என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. குந்துவதை அந்தக் காலத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். ரத்தம் ஏற்றும் வசதியும் ஆபரேஷன் தியேட்டரும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

34 வாரத்துக்கு மேல் பெண்ணுறுப்பின் கீழ்த்தசையைச் சுத்தமான எண்ணெய் தொட்டு விரலால் மெதுவாக இழுத்துப் பழக்குவது, முதல் பிரசவத்தில் தையல் போடும் தேவையைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. கூச்சத்தால் யாரும் இதைப் பேசுவதில்லை. டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்கிறேன். பேரீச்சம்பழமும் சாப்பிடுகிறேன்: ஜோர்டானில் கடைசி நாலு வாரம் தினமும் ஆறு பழம் சாப்பிட்டவர்களுக்கு வலி தானாகத் தொடங்குவது கூடியதாக 2011 இல் ஒரு சின்ன ஆய்வு வந்தது. எனக்குச் சர்க்கரை இல்லை, அதனால் சாப்பிடுகிறேன்; கர்ப்பகாலச் சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். விளக்கெண்ணெய் குடித்தால் வலி வந்துவிடும் என்று தெருவில் இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். அது வயிற்றுப்போக்கில் உடம்பை வற்றவைத்துவிடும். வலி தாங்க வேண்டிய உடம்பை முந்தின நாளே சோர்வாக்க நான் தயாராக இல்லை.

சிசேரியன் பற்றியும் சித்தியும் நானும் பேசிவிட்டோம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் 64, அரசு ஆஸ்பத்திரிகளில் 36. இவ்வளவும் தேவைதானா என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறது என்று டாக்டர் சொல்லும் நிமிஷத்தில் கையெழுத்துப் போடத் தயங்கக் கூடாது. "காரணம் என்ன, எவ்வளவு அவசரம்" இரண்டையும் கேட்டுவிட்டு முடிவெடுப்போம். அப்படிப் பிறந்தால் அதுவும் பிரசவம்தான். "வலியெடுக்காம பெத்தவ" என்று யாராவது சொன்னால் அவர்களுக்குச் சித்தி பதில் சொல்வார்.

இன்னும் ஒரு பேச்சு மிச்சம் இருந்தது, சேனை. பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நல்ல குணம் உள்ளவர் கையால் வைத்தால் அந்தக் குணம் வரும் என்பார்கள். எனக்குச் சேனை வைத்தது அம்மாச்சிதான், இந்தப் பிள்ளைக்கும் தான்தான் என்று காத்திருந்தார். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போட்டுச் சீம்பால் கொடுக்க வேண்டும், ஆறு மாசம் வரை தண்ணீர்கூட வேண்டாம் என்று நர்ஸ் அக்கா சொன்னதை அவரிடம் சொன்னேன். முகம் சுருங்கியது. "சரித்தா. அப்ப பேரை நான்தான் காதுல சொல்வேன்." சம்மதித்துவிட்டேன். பேர் இன்னும் முடிவாகவில்லை.

பையில் முன்பக்கம் திறக்கும் நைட்டி, நாப்கின், துவைத்துக் காயவைத்த தாத்தாவின் பழைய வேட்டித் துணிகள், பிளாஸ்க், சார்ஜர். கர்ப்பத்தை அரசிடம் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண் உள்ள கார்டு எல்லாவற்றுக்கும் மேலே; பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும்.

வரும் செவ்வாய்க்கிழமை பரிசோதனை. சித்தியும் கூட வருகிறார், டாக்டரிடம் கேட்க நாங்கள் எழுதி வைத்திருப்பது மூன்று கேள்வி. தேதி தாண்டினால் எந்த வாரம் வரை காத்திருந்து எப்போது வலி வரவைப்பார்கள் என்பது ஒன்று. தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிஷமாவது விட்டு வெட்டுவார்களா என்பது இரண்டாவது. மூன்றாவது சித்தியின் கேள்வி, அவர் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறார்: "உள்ளே பிள்ளைக்குப் பசித்தால் என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கக் கூடாது?" அந்தப் பிள்ளை நான்தான்.